கல்லூரி மெயில் ஐடிக்குப் பின்னால் ஒரு பேரேடு

முதல் செமஸ்டர் பாதி ஓடிய பிறகுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ரெஜிஸ்டர் நம்பர்கள் வரும். வந்ததும் அலுவலகம் அவற்றை ஓர் எக்செல் கோப்பில் போட்டு, "எல்லாருடைய மெயில் கணக்கிலும் இதை ஏத்திடுங்க சார்" என்று அனுப்பும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் இந்த எண்ணுக்கு 12 இலக்கம். முதல் நான்கு கல்லூரியின் குறியீடு, அடுத்த இரண்டு சேர்ந்த வருடம், அடுத்த மூன்று துறை, கடைசி மூன்று மாணவரின் வரிசை எண். எக்செல்லுக்கு 12 இலக்கம் பெரிய எண். முன்னால் இரண்டு மூன்று இலக்கத்தையும் பின்னால் 'ஈ+11' என்பதையும் காட்டிச் சுருக்கிவிடும். திரையில் மட்டும் சுருக்கினால் பரவாயில்லை. கோப்பை சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பாகச் சேமிக்கும்போது அந்தச் சுருக்கத்தையே எழுதிவிடும். அறுபது பேர் கொண்ட வகுப்பு முழுக்க ஒரே எண்ணாகிவிடும்.

கல்லூரியின் கணினிப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வருடம், அந்தக் கோப்பை அப்படியே ஏற்றிவிட்டேன். மெயில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. ஆனால் அந்த எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணும் ஆன்லைன் தேர்வுத் தளம் ஒருவரையும் உள்ளே விடவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு இன்டர்னல் டெஸ்ட். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு வகுப்பாகச் சரிசெய்தோம்.

கிளவுட் மெயில் நிர்வாகம் என்றதும் பலரும் அஞ்சல் பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். அஞ்சல் பெட்டியை இன்றைக்குக் கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் பார்த்துக்கொள்கின்றன. டிஸ்க் நிரம்பியது, மதர்போர்டு எரிந்தது, யூபிஎஸ் பேட்டரி போனது என்ற கவலைகள் பெரும்பாலும் போய்விட்டன. நம் கையில் மிஞ்சியிருப்பது டைரக்டரி. யார் மாணவர், யார் ஆசிரியர், எந்தத் துறை, எப்போது வந்தார், எப்போது போனார் என்று சொல்லும் பேரேடு அது. வைஃபை, நூலகம், ஆன்லைன் வகுப்பு, தேர்வுத் தளம், கட்டண ரசீது எல்லாம் அந்தப் பேரேட்டைக் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடுகின்றன. அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைப் பெரும்பாலான கல்லூரிகள் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

பல்கலைக்கழகங்களில் பிறந்தது

டைரக்டரித் தொழில்நுட்பத்தின் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களில் உருவானது. 1988-இல் எக்ஸ்.500 என்ற சர்வதேசத் தரம் வந்தது. உலகம் முழுமைக்குமான தொலைபேசிப் புத்தகம் போல ஒன்றை அமைப்பது அதன் கனவு. அன்றைய சின்னக் கணினிகளால் அதன் கனத்தைத் தாங்க முடியவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹோவ்ஸும் கூட்டாளிகளும் அதை எளிதாக்கி, டைரக்டரியைக் கேட்டுப் பதில் பெற எல்டாப் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தார்கள். அதன் முதல் வரையறை 1993 ஜூலையில் வெளியானது. பாஸ்வேர்டை வலையில் அனுப்பாமலே ஆளைச் சரிபார்க்கும் கெர்பெராஸ், எம்ஐடியில் 1980-களில் நடந்த அதீனா திட்டத்தில் பிறந்தது. விண்டோஸ் 2000-உடன் மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆக்டிவ் டைரக்டரி இந்த இரண்டையும் ஒன்றாகக் கோத்ததுதான்.

ஏன் பல்கலைக்கழகத்தில்? ஒரு நிறுவனத்தில் வருடத்துக்கு நூற்றில் பத்துப் பேர் மாறினாலே பேச்சாக இருக்கும். நான்கு வருடப் படிப்பு நடத்தும் கல்லூரியில் கால்வாசிப் பேர் ஒவ்வொரு வருடமும் வெளியே போய், கால்வாசிப் பேர் புதிதாக வருகிறார்கள். இதில் லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் வருடம் சேருபவர்கள், துறை மாறுபவர்கள், நடுவில் நிற்பவர்கள், படிப்பு முடிந்தும் அரியர் எழுத வருபவர்கள் வேறு. ஒரே ஆள் முனைவர் பட்ட மாணவராகவும் பகுதிநேர ஆசிரியராகவும் இருப்பார். இத்தனையையும் கையால் எழுதிச் சமாளிக்க முடியாது என்பதை முதலில் உணர்ந்த இடம் பல்கலைக்கழகம்.

அப்புறம் கிளவுட் வந்தது. கல்வி நிறுவனங்களுக்கான கூகுள் ஆப்ஸ் 2006 அக்டோபரில் அறிமுகமானது. மைக்ரோசாஃப்ட்டின் லைவ்@எடு சேவை 2012-இல் ஆஃபீஸ் 365-ஆக மாறியது. இரண்டுமே கல்லூரிகளுக்கு இலவசம். சொந்த மெயில் சர்வரில் ஆளுக்குச் சில எம்பி என்று கணக்குப் பார்த்துக் கொடுத்துவந்த கல்லூரிகளுக்கு அது பெரிய விடுதலை. 2014-இல் கல்விக் கணக்குகளுக்கு இடத்துக்கு வரம்பே கிடையாது என்று கூகுள் அறிவித்தது. அந்த வாக்கு எட்டு வருடம்தான் நின்றது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இனிஷியலை எங்கே வைப்பது

கூகுளின் அட்மின் பக்கத்தில் ஒரு கணக்கைத் தொடங்க முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் கடைசிப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக நிற்கும், அவ்வளவுதான். அதனால் ஒருவர் கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பாவின் முழுப் பெயரைப் போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போவார். மூன்று வருடத்தில் மூன்று பேர் வேலை பார்த்த கல்லூரியின் டைரக்டரியில் மூன்று முறைகளும் கலந்திருக்கும். பெயரை வைத்து ஒருவரையும் தேட முடியாது.

இலங்கைத் தமிழர்களிடம் சிக்கல் வேறு மாதிரி. அங்கே பலர் அப்பாவின் பெயரை முழுதாக முன்னால் வைத்து, தன் பெயரைப் பின்னால் எழுதுவார்கள். கந்தையா செல்வராஜா என்பவரின் பெயரை அதே வரிசையில் நிரப்பினால், கணினி ஒவ்வொரு முறையும் "வணக்கம், கந்தையா" என்று அவருடைய அப்பாவைத்தான் கூப்பிடும். மனிதரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். முதல் நாள் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது ஒரே பெயர். ஒரு வருடச் சேர்க்கையில் எஸ்.கார்த்திக் என்று நான்கைந்து பேர் இருப்பார்கள். லக்ஷ்மியை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனையும் பட்டியலில் இருக்கும். பெயரை வைத்து மெயில் முகவரி கொடுத்தால் முதலில் வந்தவருக்கு வெறும் பெயர், அடுத்தவர்களுக்குப் பின்னால் 1, 2, 3. இப்போது ஓர் ஆசிரியர் புதிய மெயிலில் 'பிரியா' என்று தட்ட ஆரம்பித்ததும் வரும் பட்டியலில் முதலில் நிற்பவருக்கு மதிப்பெண் தாள் போய்விடும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. ஆனால் ஒரு மாணவியின் மதிப்பெண் இன்னொருவர் கையில்.

என் தீர்ப்பு இது: மாணவர்களுக்கு எண்ணை வைத்து முகவரி, ஆசிரியர்களுக்குப் பெயரை வைத்து முகவரி. எண் என்று சொல்லும்போது ரெஜிஸ்டர் நம்பரைச் சொல்லவில்லை, அது தாமதமாக வரும். சேர்க்கை அன்றே கல்லூரி கொடுக்கும் அட்மிஷன் எண் போதும். துறை மாறினாலும், வீட்டில் பெயரை கெஜட்டில் மாற்றினாலும் அது மாறாது. எண்ணாக முகவரி இருந்தால் அழகில்லை என்று மாணவர்கள் சொல்வார்கள், நியாயம்தான். அதற்குக் காட்டும் பெயரை ஒழுங்காக வைத்தால் போதும்: பெயர், இனிஷியல், பக்கத்தில் துறையும் சேர்ந்த வருடமும். 'பிரியா கே, இசிஇ 2023' என்று பார்த்ததும் யாரென்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை கொடுத்த முகவரியை வேறொருவருக்குத் திரும்பக் கொடுக்கவே கூடாது. பழைய கார்த்திக் அந்த முகவரியை வங்கியிலும் வேலை தேடும் தளங்களிலும் கொடுத்திருப்பார். புதிய கார்த்திக் வந்து அதே முகவரியைப் பெற்றால் பழையவரின் பாஸ்வேர்ட் மீட்பு இணைப்புகள் இவர் பெட்டிக்கு வந்து விழும்.

யார் சொல்வது செல்லும்

பெரும்பாலான கல்லூரிகளில் ஒரே மாணவரைப் பற்றி நான்கு இடங்களில் பதிவு இருக்கும். அலுவலகத்தின் சேர்க்கைப் பதிவேடு, தேர்வுப் பிரிவின் மென்பொருள், லேப் கணினிகளுக்கான ஆக்டிவ் டைரக்டரி, பிறகு கிளவுட். நான்கும் நான்கு விதமாகச் சொன்னால் எது சரி? இதை முதல் நாளே முடிவுசெய்து எழுதிவைக்காத கல்லூரி வருடம் முழுக்க அல்லாடும்.

முறையான அமைப்பில் ஓட்டம் ஒரு பக்கமாகத்தான் போகும். அலுவலகத்தின் பதிவேடு தாய். அங்கிருந்து உள்ளூர் டைரக்டரிக்கு, அங்கிருந்து கிளவுடுக்கு. இரண்டு பக்கப் பதிவையும் ஒத்துப்போகச் செய்வதற்குப் பெயர் சின்க். கூகுள் பக்கம் போக கூகுள் கிளவுட் டைரக்டரி சின்க் என்ற கருவி. மைக்ரோசாஃப்ட் பக்கம் என்ட்ரா கனெக்ட். அஷூர் ஆக்டிவ் டைரக்டரி என்று பத்து வருடத்துக்கு மேல் பழகிய பெயரை 2023-இல் என்ட்ரா ஐடி என்று மாற்றிவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி இணைத்த பிறகு ஒரு மாணவரின் பெயரில் பிழை என்றால் கிளவுடில் போய்த் திருத்தக் கூடாது. திருத்தினாலும் அடுத்த முறை சின்க் ஓடும்போது பழைய பிழை திரும்ப வந்து உட்காரும். பதிவேட்டில் திருத்த வேண்டும். அதாவது அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அந்த அம்மாதான் உண்மையில் கல்லூரியின் முதன்மை டைரக்டரி நிர்வாகி. அவருக்கு இதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லி, அவருக்கு ஏற்ற மாதிரி படிவத்தை அமைத்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. எண் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று முன்கூட்டியே மாற்றிக் கொடுத்த கோப்பைத்தான் நான் இப்போது அவரிடம் அனுப்புகிறேன். ஈ+11 அதற்குப் பிறகு வரவில்லை.

கிளவுடுக்குள் ஆட்களை எப்படி அடுக்குவது என்பதில் ஒரு வேறுபாடு முக்கியம். கூகுளில் ஒருவர் ஒரே ஒரு நிறுவனப் பிரிவில்தான் இருக்க முடியும், குழுக்களில் எத்தனையில் வேண்டுமானாலும் இருக்கலாம். பிரிவு என்பது வீடு மாதிரி, ஒருவருக்கு ஒன்று. குழு என்பது சங்கம் மாதிரி. எந்தச் சேவை திறந்திருக்கும், வெளி ஆட்களோடு கோப்பைப் பகிரலாமா, எவ்வளவு இடம் என்ற விதிகளைப் பெரும்பாலும் பிரிவின் மேல்தான் வைக்கிறோம். அதனால் பிரிவுகளைக் குறைவாக வைக்க வேண்டும்: மாணவர், ஆசிரியர், அலுவலர், வெளியேறியவர். துறை, வருடம், வகுப்பு எல்லாம் குழுக்களாக இருக்கட்டும். கல்லூரியின் துறை அமைப்பை அப்படியே பிரிவுகளாக வரைந்தவர்கள், ஒவ்வொரு ஜூனிலும் ஆயிரக்கணக்கானவர்களை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருப்பார்கள். மொத்த மாணவர்களுக்கும் போகும் குழுவில் யார் எழுதலாம் என்பதைப் பூட்டிவைப்பதை மறக்கக் கூடாது. ஒருவர் 'நோட்டட்' என்று எல்லாருக்கும் பதில் போட, அதற்கு நூறு பேர் பதில் போட்ட பிறகு பூட்டிப் பயனில்லை.

உறுப்பினர் என்ற ஒரு சொல்

டைரக்டரி சரியாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு நூலகம். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இன்ஃபெட் என்ற கூட்டமைப்பை நடத்துகிறது. அதில் சேர்ந்த கல்லூரியின் மாணவர் வீட்டிலிருந்தே, தன் கல்லூரிக் கணக்கை வைத்து ஆய்வு இதழ்களைப் படிக்கலாம். அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஆய்வு இதழ்களைப் பொதுவாக வாங்கித் தரும் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிய பிறகு இதன் முக்கியத்துவம் கூடிவிட்டது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 வெளியீட்டாளர்கள், சுமார் 13,000 இதழ்கள். மதுரைப் பக்கம் ஒரு சின்ன அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கும் பெரிய ஐஐடி மாணவருக்கும் ஒரே நூலகம் என்பதுதான் அதன் நோக்கம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வெளியீட்டாளருக்கு மாணவரின் பெயர் போக வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான். கல்லூரியின் சர்வர் "இவர் எங்கள் உறுப்பினர்" என்று மட்டும் கையெழுத்துப் போட்டுச் சொன்னால் போதும். உலகப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக வைத்திருக்கும் எடுபெர்சன் என்ற சொற்பட்டியலில் இதற்கென்று வகைகள் உண்டு: மாணவர், ஆசிரியர், அலுவலர், முன்னாள் மாணவர். நூலகத்துக்கு நேரில் நடந்து வந்தவர் என்றுகூட ஒரு வகை இருக்கிறது. பெயர் சொல்லாமல் உரிமையை மட்டும் சொல்லும் இந்த ஏற்பாடு, கல்லூரியின் பேரேடு உண்மையாக இருக்கும்வரைதான் செல்லும். மூன்று வருடத்துக்கு முன் படிப்பை முடித்தவரை 'மாணவர்' என்றே வைத்திருந்தால், நம் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

போகிறவர்கள்

எந்தக் கல்லூரியிலும் புதியவர்களுக்குக் கணக்குத் தொடங்க நாலு பேர் துரத்துவார்கள். போனவர்களின் கணக்கை மூட ஒருவரும் கேட்க மாட்டார்கள். எல்லாச் சிக்கலும் அங்கேதான் சேருகிறது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பல கல்லூரிகள் அவசர அவசரமாக மொத்த மாணவர்களுக்கும் கணக்குத் தொடங்கின. வகுப்புகள் மீட்டிலும் டீம்ஸிலும் நடந்தன. நடந்த வகுப்பெல்லாம் பதிவாகி டிரைவில் ஏறியது. ஒரு மணி நேரப் பதிவு சில நூறு எம்பி. நல்ல எண்ணம்தான்: போனில் டேட்டா இல்லாத பிள்ளை பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்று. அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை இன்னும் அங்கேயே இருக்கின்றன.

2021 பிப்ரவரியில் கூகுள் வரம்பில்லா இடத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையிலிருந்து பழைய கல்லூரிகளுக்கும் மொத்தமாக 100 டிபி. மைக்ரோசாஃப்ட்டும் அதே 100 டிபி வரம்பை 2024 ஆகஸ்ட் 1 முதல் கொண்டுவந்தது, கட்டணம் கட்டும் கணக்குகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக. 2020-இல் சேர்ந்த பொறியியல் மாணவர்கள் பட்டம் வாங்கி வெளியேறிய அதே கோடை அது. 100 டிபி என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். 5,000 கணக்குகள் இருந்தால் ஆளுக்கு 20 ஜிபி. 40,000 கணக்குகள் கொண்ட பல்கலைக்கழகத்தில் ஆளுக்கு இரண்டரை ஜிபி. இந்த நாற்பதாயிரத்தில் எத்தனை பேர் இப்போது படிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும், மூடாத கணக்குகளின் விலை என்னவென்று.

சரி, உடனே எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? வேண்டாம். கூகுளில் அழித்த கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம், மைக்ரோசாஃப்ட்டில் 30 நாள். அதற்குப் பிறகு போனது போனதுதான். ஒரு கல்லூரியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் கணக்கை வழக்கமான சுத்தத்தில் அழித்துவிட்டார்கள். துறையின் அங்கீகார ஆய்வுக்கான ஏழு வருட ஆவணங்கள் அவருடைய சொந்த டிரைவில் இருந்தன என்பது, ஆய்வுக் குழு வரும் தேதி தெரிந்த பிறகுதான் தெரியவந்தது. அவர் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. துறையின் கோப்புகள் பகிர்ந்த டிரைவில் இருக்க வேண்டும், துறைத் தலைவருக்கு வரும் மெயில் பதவியின் பெயரில் உள்ள பொதுப் பெட்டிக்கு வர வேண்டும். தலைவர் மாறினால் சாவியை மாற்றினால் போதும்.

மாணவர் கணக்குக்கு நான் பின்பற்றும் வரிசை மெதுவானது. படிப்பு முடிந்ததும் அவர் 'வெளியேறியவர்' பிரிவுக்குப் போவார். மெயில் வரும், போகும். டிரைவில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. தன் கோப்புகளைச் சொந்தக் கணக்குக்கு நகலெடுக்க ஒரு வருடம். நடுவில் மூன்று முறை நினைவூட்டல், கல்லூரி முகவரிக்கு மட்டுமல்லாமல் அவர் கொடுத்த சொந்த முகவரிக்கும். அரியர் வைத்திருப்பவரை தேர்வுப் பிரிவின் பட்டியல் சொல்லும்வரை தொடுவதில்லை. பிறகு முடக்கம், அதற்குப் பிறகுதான் அழிப்பு. வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் மெயிலை, நேர்காணல் கடிதம் வரும் வாரத்தில் முடக்கிவிடும் கல்லூரிகளைப் பற்றிக் கேள்விப்படும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்படியே விட்டுவிடுவதும் கொடுமைதான். கேட்பாரற்ற கணக்குகளைத்தான் திருடர்கள் தேடுகிறார்கள். கல்லூரி முகவரி இருந்தால் மாணவர் சலுகை விலையில் மென்பொருள் கிடைக்கும், அதற்காகவே இப்படிப்பட்ட கணக்குகள் இணையத்தில் விலைபோகின்றன. அதைவிட மோசமான பயன்பாடு, ஆளை ஏமாற்றிப் பாஸ்வேர்டைப் பறிக்கும் தூண்டில் மெயில்.

"உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது"

அது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கிட்டத்தில் பார்த்தேன். ஓர் ஆசிரியருக்கு "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் மூடப்படும்" என்று மெயில் வந்தது. செமஸ்டர் கடைசி வாரம், விடைத்தாள் திருத்தும் அவசரம். இணைப்பைச் சொடுக்கிப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். ராத்திரி ஒன்றரை மணிக்கு அவர் கணக்கிலிருந்து மெயில்கள் கிளம்ப ஆரம்பித்தன. காலையில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, பெட்டி வழக்கம்போல இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு விதி எழுதிவைத்திருந்தார்கள்: வரும் பதில்களில் 'ஹேக்', 'ஸ்பேம்', 'பாஸ்வேர்ட்' என்ற சொற்கள் இருந்தால் படித்ததாகக் குறித்து, யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்கு நகர்த்து. "சார், உங்க மெயில்லேர்ந்து என்னமோ வருது" என்று எச்சரித்தவர்களின் பதில்கள் அத்தனையும் அங்கே கிடந்தன.

இப்படி நடந்தால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுகளை எல்லாம் ரத்து செய்ய வேண்டும், விதிகளையும் வெளி முகவரிக்கான திருப்பி அனுப்பலையும் நீக்க வேண்டும், அந்தக் கணக்குக்குள் நுழைய எந்தெந்த வெளிச் செயலிகளுக்கு அனுமதி போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அனுமதி பெற்ற செயலிக்குப் பாஸ்வேர்டே தேவையில்லை, அதனால் மாற்றினாலும் கதவு திறந்தே இருக்கும்.

பாஸ்வேர்டோடு போனில் வரும் குறியீட்டையும் கேட்பது போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்திருந்தால் அன்றைக்கு இவ்வளவு தூரம் போயிருக்காது. கணக்குத் திருட்டு முயற்சிகளில் 99.9 சதவீதத்தை அது தடுக்கும் என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் எழுதியது. பழைய மெயில் செயலிகள் வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து, இந்தச் சரிபார்ப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். அந்த வழியை மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2022 அக்டோபரிலிருந்து படிப்படியாக அடைத்தார்கள். அப்போது பல ஆசிரியர்களின் போனில் மெயில் நின்றுபோய், எங்களிடம் கோபப்பட்டார்கள். அந்த மாற்றம் அவசியமானது. கல்லூரியில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைத் தொடங்க வேண்டிய இடம் அட்மின் கணக்குகள், கணக்குப் பிரிவு, முதல்வர் அலுவலகம், தேர்வுப் பிரிவு. பிறகு ஆசிரியர்கள். மாணவர்களில் சிலருக்குச் சொந்தப் போன் இருக்காது, லேபுக்குள் போன் அனுமதியும் இருக்காது. அவர்களுக்கு அச்சிட்ட மாற்றுக் குறியீடுகளைக் கையில் கொடுக்கலாம்.

நம் முகவரியிலிருந்து குப்பை கிளம்பினால் டொமைனின் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பகுதி) பெயரே கெட்டுப்போகும், சேர்க்கைக் கடிதம்கூடப் பெற்றோரின் ஸ்பேமில் போய் விழும். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்பும் டொமைன்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். எஸ்பிஎஃப் யார் நம் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகேஐஎம் கடிதத்தின் மேல் முத்திரை. டிமார்க், இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற கட்டளை. கட்டண மென்பொருள், எஸ்எம்எஸ் நிறுவனம், வேலைவாய்ப்புத் தளம் என்று ஒவ்வொன்றாக எஸ்பிஎஃப்பில் சேர்த்துக்கொண்டே போனால் பத்து டிஎன்எஸ் தேடலோடு (டொமைன் பெயர்ப் பட்டியலில் தேடுவது) அது நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அந்த டொமைனின் சாவி யாரிடம் என்பதையும் பாருங்கள். ஏசி.இன், எடு.இன் முகவரிகளைப் பதிவது எர்நெட் இந்தியா என்ற மத்திய அரசு அமைப்பு. அதன் புதுப்பித்தல் நினைவூட்டல், எப்போதோ ஓய்வுபெற்றவரின் சொந்த ஜிமெயிலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

பள்ளிகளில்

பள்ளியில் பொறுப்பு இன்னும் கனமானது. 2021 செப்டம்பர் 1 முதல் கூகுள், பள்ளிக் கணக்குகளை 18 வயதுக்குக் கீழ் என்றே எடுத்துக்கொள்கிறது. யாருக்கு 18 ஆகிவிட்டது என்று அட்மின்தான் குறிக்க வேண்டும். குறிக்க மறந்தால் ஆசிரியருக்கே யூடியூப் சரியாகத் திறக்காது. உடனே அவசரத்தில் மொத்தப் பள்ளியையும் 18-க்கு மேல் என்று குறித்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு. டென்மார்க்கின் ஹெல்சிங்கர் நகராட்சிப் பள்ளிகளில், தன் பிள்ளைக்குத் தனக்குத் தெரியாமலே யூடியூப் கணக்கு திறந்திருந்ததைக் கண்ட ஒரு பெற்றோர் 2019-இல் புகார் செய்தார். அது வளர்ந்து 2022 ஜூலையில் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு, அந்தப் பள்ளிகளில் கூகுள் சேவைகளைப் பயன்படுத்தவே தடை போட்டது. நகராட்சி தன் அபாயங்களைச் சரியாக மதிப்பிடவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு.

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர், அவருடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். கல்லூரிகள் இதைப் பள்ளிகளின் பிரச்சினை என்று நினைக்கின்றன. பிளஸ் டூ முடித்து ஆகஸ்டில் முதலாமாண்டு வந்து நிற்கும் பிள்ளைகளில் பலருக்கு வயது 17.

பள்ளிகளில் தினசரி வேலை பாஸ்வேர்ட் மறந்த குழந்தைகள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மீட்பு எண் கொடுக்கச் சொந்தப் போன் கிடையாது. அட்மினிடம் வரிசையில் நிற்க வைக்காமல், பள்ளியில் மட்டும் வகுப்புகளைத் தனிப் பிரிவுகளாக வைத்து, வகுப்பாசிரியருக்கு அவர் வகுப்புப் பிரிவின் மேல் மட்டும் பாஸ்வேர்ட் மாற்றும் உரிமையைக் கொடுக்கலாம், கூகுளில் அதற்கு வழி இருக்கிறது. முதல் பாஸ்வேர்டாகப் பிறந்த தேதியை வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். வகுப்பில் கேக் வெட்டிய எல்லாருக்கும் அது தெரியும்.

எங்கள் கல்லூரியில் இப்போது நோ டியூஸ் படிவத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது. நூலகம், விடுதி, லேப் வரிசையில் கடைசியாக: சொந்த மெயில் முகவரி, கோப்புகளை நகலெடுத்தாயிற்றா, கணக்கு மூடும் தேதி. ஏப்ரல் கடைசி வாரம் இறுதியாண்டு மாணவர்கள் படிவத்தோடு வருகிறார்கள். கணினியைத் திருப்பிக் காட்டி, எப்படி நகலெடுப்பது என்று சொல்லிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் ஆகிறது.